பீங்கானின் அடிப்பக்கம்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

விருந்துக்குப் போனால் தட்டில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் பார்ப்பார்கள். தட்டைக் கவிழ்த்து, அதன் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர் மிகச் சிலரே. நான் அந்தச் சிலரில் ஒருவன். வகுப்பு நண்பர்கள் இதற்காக என்னைக் கேலி செய்வதுண்டு. அவர்களுக்கு விடை சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் தந்தையார் மூன்று சக்கர வண்டியில் ஊர் ஊராகச் சென்று பழைய இரும்பு, பாட்டில், காகிதம் வாங்கி விற்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். செட்டிநாட்டு ஊர்களில் பழைய வீடுகளை ஒழிக்கும்போது, இரும்போடும் பித்தளையோடும் பீங்கான் சாமான்களும் அப்பாவின் வண்டியில் ஏறும்.

நான் பள்ளி இறுதியில் படித்தபோது ஒருநாள் ஆறு தட்டுகளும் ஒரு ஜாடியும் வந்தன. ஒரு வியாபாரி வீட்டுக்கு வந்தார். ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், “எல்லாம் சேர்த்து முந்நூறு” என்றார். அப்பா மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து, வெளியூர்க் கடை ஒன்றின் கண்ணாடிப் பெட்டியில் அந்தத் தட்டுகளில் ஒன்றைக் கண்டேன். விளிம்பில் இருந்த சிறு சில்லைக் கொண்டு அடையாளம் தெரிந்தது. விலைச் சீட்டில் ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று எழுதியிருந்தது.

அவர் திருடவில்லை. தட்டின் அடியில் இருந்த எழுத்தை அவர் படித்தார். அப்பாவால் படிக்க முடியவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு. அன்றிலிருந்து நான் பீங்கானைக் கவிழ்த்துப் பார்க்கத் தொடங்கினேன்.

இவை எப்படி இங்கே வந்தன?

நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் பெரும் வணிகம் செய்தவர்கள். அந்நாடுகளின் துறைமுகங்களில் இங்கிலாந்து, ஜப்பான், சீனா, ஐரோப்பியப் பீங்கான்களெல்லாம் கிடைத்தன. அவை கப்பலேறி வந்து, பெண்களுக்குச் சீராக அடுக்கப்பட்டன. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து அற்றுப்போயிற்று. பின்னர் பாகப்பிரிவினைகள் நடந்தன; வீடுகள் பூட்டிக் கிடந்தன. சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அத்தெருவில் ஒரு பெரியவர், ‘வாங்காவிட்டாலும் பரவாயில்லை, பார்த்துக்கொள்’ என்று எனக்கு இடம் கொடுத்தார். எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் கடையில் கற்றது. மறுபாதி நம் வேதியியல் துறையில் கற்றது.

முதற் பாடம் காந்தம். பெரியவர்கள் மங்குச் சாமான் என்று சொல்லும் குவியலில் பீங்கானும் இருக்கும், இனாமல் பாத்திரமும் இருக்கும். செட்டிநாட்டில் சுவீடன் நாட்டு இனாமல் பாத்திரங்கள் ஏராளம். இனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் உருக்கிப் பூசிய கண்ணாடிப் பூச்சு. காந்தம் ஒட்டினால் இனாமல். ஒட்டாவிட்டால் மேலே படிக்கலாம்.

மண்ணின் மூன்று வகை

சுட்ட மண் சாமான்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ஏறத்தாழ 1000 முதல் 1150 டிகிரி சென்டிகிரேடு வரை சுடப்படுவது. இதன் உடலில் நுண்துளைகள் உண்டு. மேற்பூச்சு இல்லாவிட்டால் நீரை உறிஞ்சும். பழைய இங்கிலாந்து நீலப்பூத் தட்டுகளில் பல இவ்வகையே.

இரண்டாவது கல்மண் எனத்தக்கது. 1200 முதல் 1300 டிகிரி வரை சுடுவதால் உடல் இறுகிக் கல்லைப்போல் ஆகிவிடும். நம் வீட்டு ஊறுகாய் ஜாடி இந்த வகை. மேற்பாதி தேன் நிறமும் கீழ்ப்பாதி வெள்ளையுமாக இருக்கும் ஜாடியை அறியாதவர் இல்லை. வங்காளத்து ராணிகஞ்சில் பர்ன் கம்பெனியும், குவாலியர் பாட்டரீஸ் போன்ற நிறுவனங்களும் இந்நாட்டில் இத்தொழிலை நடத்தின. நம் மாநிலத்தில் நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைத்த களிமண்ணைக் கொண்டு விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. சில பழைய ஜாடிகளின் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். அது உப்புப் பூச்சு. சூளை உச்ச வெப்பத்தில் இருக்கும்போது சாதாரணச் சமையல் உப்பை உள்ளே வீசுவார்கள். உப்பு ஆவியாகி, நீராவியோடும் மண்ணிலுள்ள சிலிக்காவோடும் வினைபுரிந்து சோடியம் சிலிகேட்டுக் கண்ணாடியாகப் படியும். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும்.

மூன்றாவதே உண்மையான பீங்கான். கயோலின் என்னும் வெண்களிமண், ஃபெல்ஸ்பார், சிலிக்கா ஆகியவற்றைக் கலந்து 1300 முதல் 1400 டிகிரி வரை சுட்டது. கயோலின் என்ற பெயரே சீனாவின் ஜிங்டெஜென் நகருக்கு அருகிலுள்ள ஒரு மலையின் பெயரிலிருந்து வந்தது. சீனர் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த இதன் இரகசியம் ஐரோப்பியருக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை. பொன் செய்ய முயன்ற பாட்கர் என்னும் இரசவாதியின் உழைப்பும் சேர்ந்து, 1710-இல் ஜெர்மனியின் மைசன் நகரில் முதல் ஐரோப்பிய ஆலை எழுந்தது. பொன்னைத் தேடியவர் மண்ணில் புகழ் பெற்றார். ஆங்கிலேயர் மாட்டெலும்புச் சாம்பலை ஏறத்தாழப் பாதியளவு சேர்த்து, போன் சைனா என்ற வேறொரு வகையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைநிறுத்தினார்கள்.

கண்ணும் காதும் விரலும்

எந்த வகை என்று கடையில் நின்றபடியே அறியலாம். கருவிகள் அதிகம் வேண்டியதில்லை.

தட்டைக் கவிழ்த்தால், அது தரையில் அமரும் வளையம் தெரியும். அங்கே மேற்பூச்சு இராது. உள்மண்ணின் நிறம் வெளிப்படும். அவ்விடத்தில் ஒரு துளி நீர் வையுங்கள். உறிஞ்சினால் முதல் வகை; நின்றால் மற்ற இரண்டில் ஒன்று. பிறகு விளக்குக்கு நேரே பிடித்துப் பின்புறம் விரலை அசையுங்கள். விரலின் நிழல் தெரிந்தால் பீங்கான் அல்லது போன் சைனா. போன் சைனாவின் வெண்மையில் பால் நிறம் கலந்திருக்கும். கடின பீங்கானில் சற்று நீலமோ சாம்பலோ ஓடும்.

உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு விளிம்பை நகத்தால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் முழுமையானது. டொக்கென்று கேட்டால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ உண்டு. ஒட்டுப் போட்டு வண்ணம் தீட்டி மறைத்திருந்தால், கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கின் ஒளியில் ஒட்டிய இடம் தனியே வேறு நிறம் காட்டும்.

அடுத்துப் பூவேலை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு இருந்தால் போதும். கையால் வரைந்ததென்றால் தூரிகை தொட்ட இடமும் விட்ட இடமும் தெரியும். ஒரே தட்டின் இரண்டு பூக்கள் சற்றே வேறுபடும். பழைய அச்சு வேலை என்றால், செதுக்கிய செப்புத் தகட்டிலிருந்து மெல்லிய தாளில் எடுத்து ஒட்டியது. விளிம்புக் கோலம் சந்திக்கும் இடத்தில் பூ பாதியாய் வெட்டுண்டிருக்கும். இம்முறை பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றியது. செய்தித்தாள் படத்தைப் போலச் சீரான நுண்புள்ளிகள் தெரிந்தால் அது இக்கால அச்சு.

கடைசியாகத் தேய்மானம். பல ஆண்டு புழங்கிய தட்டில் கத்தியும் கரண்டியும் பட்ட மெல்லிய கோடுகள் ஒழுங்கின்றிக் கிடக்கும். எல்லாத் திசையிலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால், யாரோ உப்புத்தாள் கொண்டு முதுமையை வரவழைத்திருக்கிறார் என்று ஐயுறலாம்.

அடியில் எழுதியது

இனி எழுத்துக்கு வருவோம். இது அற்பமான வேலை என்று எண்ண வேண்டா. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே இத்தாலி நாட்டு அரெசோ நகரின் சிவப்பு மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அவற்றுள் சிலவற்றில் குயவர்களின் முத்திரை இருந்தது. அம்மட்பாண்டங்களின் காலம் ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்ததால், அவற்றோடு கிடைத்த நம் நாட்டுப் பாண்டங்களுக்கும் காலம் கணிக்க வழி பிறந்தது. உடைந்த தட்டின் அடியிலிருந்து ஒரு கடற்கரையின் வரலாறே எழுந்தது.

நம் பக்கத்துக் கடைகளில் அடிக்கடி காணும் அடையாளங்கள் சில:

இங்கிலாந்துச் சாமானில் சாய்சதுர முத்திரை இருந்தால், அதன் வடிவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையே பதிவானது. 1884 முதல் சாய்சதுரம் போய், ‘ஆர்.டி. நம்பர்’ என்று வெறும் எண் வந்தது. அது ஒன்றில் தொடங்கி, 1900-ஆம் ஆண்டு பிறந்தபோது ஏறத்தாழ மூன்றரை லட்சத்தை எட்டியது. எண்ணைப் பார்த்தாலே காலம் மட்டுக்கட்டலாம். ஆனால் அது வடிவமைப்பைப் பதிந்த ஆண்டு; அத்தட்டு அதற்குப் பின்னரும் செய்யப்பட்டிருக்கலாம்.

நாட்டின் பெயரும் காலம் சொல்லும். இறக்குமதிச் சாமான்களில் நாட்டுப் பெயர் இருக்க வேண்டுமென்று அமெரிக்கா சட்டம் செய்தது. அது 1891-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ‘இங்கிலாந்து’ என்ற சொல் பரவலாயிற்று. ஜப்பானியர் முதலில் ‘நிப்பான்’ என்று எழுதினர். 1921-க்குப் பின் ‘ஜப்பான்’ என்று எழுதலாயினர். ‘ஆக்குப்பைடு ஜப்பான்’ என்றிருந்தால், போருக்குப்பின் அந்நாடு அமெரிக்கப் படையின் ஆதிக்கத்தில் இருந்த காலம். அது 1952-இல் முடிந்தது. ‘செக்கோஸ்லோவாகியா’ என்றிருந்தால் 1918-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. அந்நாடு 1993-இல் இரண்டாகப் பிரிந்தது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. நாடுகள் பிறந்ததையும் மறைந்ததையும் தேநீர்க் கோப்பைகள் நினைவில் வைத்திருக்கின்றன!

ஏமாறும் இடங்கள்

நான் ஏமாந்ததையே முதலில் சொல்கிறேன். ஒரு தட்டின் அடியில் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆண்டொன்று பளிச்சென்று இருந்தது. இருநூறு ஆண்டுத் தட்டைக் கண்டுவிட்டேன் என்று பெரியவரிடம் ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே, “அதுக்குக் கீழே இருக்கிற சின்ன எழுத்தையும் படி தம்பி” என்றார். ‘மைக்ரோவேவில் வைக்கலாம்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. மேலே இருந்தது கம்பெனி தொடங்கிய ஆண்டு. தட்டுச் செய்த ஆண்டு அன்று.

சீனப் பீங்கானில் பழைய மன்னரின் பெயர் பொறித்திருந்தாலும் அம்மன்னர் காலத்ததென்று துணிய முடியாது. கி.பி. 1662 முதல் 1722 வரை ஆண்ட காங்ஸி பேரரசரின் பெயரை, முன்னோர்மேல் வைத்த மதிப்பினால் பிற்காலத்தவரும் எழுதினர். மைசன் ஆலையின் குறுக்கு வாள் முத்திரையைப் போலி செய்தவர்கள் பலர். மரமும், பாலத்தில் மூவரும், வானில் இரு பறவைகளும் உள்ள நீல ‘வில்லோ’ கோலத்தை எண்ணற்ற ஆலைகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அச்சிட்டு வருகின்றன. கோலம் மட்டும் காலம் சொல்லாது.

மேற்பூச்சில் வலைபோல் ஓடும் வெடிப்பும் முதுமைக்குச் சான்றன்று. பூச்சும் உடலும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் அது உண்டாகிறது. சூளையை விட்டு வந்த மறுநாளே கூட நேரலாம். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தால் அவ்வெடிப்புக்குப் பழுப்பு நிறமும் வந்துவிடும். ஆகவே ஒரே சான்றை நம்பலாகாது. மண், ஒலி, பூவேலை, தேய்மானம், எழுத்து ஆகிய ஐந்தும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

பழைய தட்டு அழகாயிருக்கிறதென்று அதில் ஊறுகாயோ புளிக்குழம்போ ஊற்றி உண்ண வேண்டா. குறைந்த வெப்பத்தில் சுட்ட பழைய சாமான்களின் மேற்பூச்சில் ஈய ஆக்சைடு சேர்ப்பது வழக்கமாயிருந்தது. பூச்சின்மேல் தீட்டிய சிவப்பு, மஞ்சள் வண்ணங்களில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம். எலுமிச்சை, புளி, தயிர் ஆகியவற்றின் அமிலம் ஈயத்தைக் கரைத்தெடுக்கும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதிக்க, 4 சதவீத அசெட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் 24 மணி நேரம் வைத்து, கரைந்த ஈயத்தை அளக்கிறார்கள். உயர் வெப்பத்தில் சுடும் கல்மண் ஜாடிக்குப் பொதுவாக ஈயம் தேவைப்படுவதில்லை. ஆனால் வெடிப்பும் சில்லும் உள்ளதையோ, எதுவென்று தெரியாததையோ அலமாரியில் வைத்துப் பார்ப்பதே நலம்.

திரும்பிச் சென்ற தட்டுகள்

சென்ற கோடை விடுமுறையில் அப்பா நான்கு தட்டுகள் கொண்டுவந்தார். தனியே வாழும் ஓர் ஆச்சியிடம் எண்பது ரூபாய் கொடுத்து வாங்கியவை. நீர்த்துளி நின்றது, விரல் நிழல் தெரிந்தது, பூக்கள் கையால் வரைந்தவை, அடியில் ‘மேட் இன் ஜப்பான்’. பெரியவரிடம் காட்டினேன். தட்டு ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாது என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். “ஆச்சிகிட்ட போய்ச் சொல்லணும்ப்பா” என்றேன்.

“தொழிலுன்னா அப்படித்தான்டா. வாங்குனது வாங்குனதுதான். ஒவ்வொண்ணுக்கும் திரும்பிப் போனா வண்டி ஓடுமா?” என்றார்.

“முன்னே அந்த வியாபாரி நம்மகிட்ட செஞ்சதும் இதுதானேப்பா?”

அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை நான் எழுந்தபோது, தட்டுகள் செய்தித்தாளில் சுற்றி வண்டியில் இருந்தன. “வா, நீயே சொல்லு” என்றார்.

ஆச்சி நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, “எங்க மாமியாருக்குச் சீரா வந்தது. அவுக அப்பச்சி ரங்கூன்ல இருந்து கொண்டாந்தது. அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எங்கே தெரியும்?” என்றார். எழுந்து உள்ளே போய், சீர்ச் சாமான் கணக்கு எழுதிய பழைய நோட்டை எடுத்துவந்தார். ‘வெகுதானிய வருஷம் தை மாதம்’ என்ற தலைப்பின் கீழ், ‘ஜப்பான் மங்குத் தட்டு 12’ என்று இருந்தது.

எனக்கு மெய்சிலிர்த்தது. வெகுதானிய ஆண்டு அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1878, 1938, 1998 ஆகியவற்றில் ஒன்று. ‘ஜப்பான்’ என்ற எழுத்தோ 1921-க்குப் பிந்தியது. 1998-இல் மாமியாருக்குக் கல்யாணம் நடந்திருக்க முடியாது. ஆகவே 1938-இல் பிறந்த வெகுதானியம். அதன் தை மாதம் என்றால் 1939-இன் தொடக்கம். தட்டின் எழுத்தால் மட்டும் இதை அறிந்திருக்க முடியாது. நோட்டின் எழுத்தால் மட்டும் உறுதி வந்திராது. ஒன்றும் சொல்லாமல் விற்றிருந்தால், இரண்டும் சேர்ந்தே இரா.

ஆச்சி இரண்டு தட்டுகளைப் பேத்திக்கென்று வைத்துக்கொண்டார். மற்ற இரண்டை, “வித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோம்” என்று அப்பாவிடமே கொடுத்தார். பெரியவர் கடையில் இரண்டும் ஆயிரம் ரூபாய்க்குப் போயின. முழுவதையும் நாங்களே வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பணத்தைவிட எங்கள் பங்கு குறைவுதான். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆச்சி தம் பங்காளிகள் வீடு மூன்றுக்கு அப்பாவைச் சொல்லி அனுப்பினார்.

இப்போது அப்பாவின் சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. நான் வரைந்து கொடுத்த பன்னிரண்டு முத்திரைகள் அதில் உள்ளன. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எழுத்தின் உருவத்தைக் கண்டு ஒப்பிட்டுவிடுகிறார். வீட்டுக்காரர் எதிரிலேயே தட்டைக் கவிழ்த்து, “இதுல எழுத்து இருக்கு. எம்மவன்கிட்ட கேட்டுட்டு விலை சொல்றேன்” என்கிறார்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ஜாடியோ தட்டோ இருக்கக்கூடும். பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் ஒருமுறை அதைக் கவிழ்த்துப் பாருங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால், அது எப்போது வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து விளங்காவிட்டால் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள், கைலென்சோடு காத்திருக்கிறேன்.